முப்பதுக்குப் பத்தொன்பது

ரிஃப்கா என்ன படிக்கிறாள் என்று ஊருக்குப் புரியவைக்க அவள் மூன்று வருஷம் மல்லுக்கட்டித் தோற்றாள். முத்துப்பேட்டைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஊரில் பொம்பளைப் பிள்ளை படித்தால் டீச்சர், ரொம்பப் படித்தால் டாக்டர். அதற்கு மேல் ஒன்று இருப்பதாக யாருக்கும் தகவல் இல்லை. பெங்களூரில் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் என்று சொன்னால், "அது எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?" என்பார்கள். மூளை எப்படி நினைக்குது, எப்படி மறக்குதுன்னு படிக்கிறது என்று விளக்கினால், "ஓஹோ, பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா" என்று ஒரு அடி தள்ளி நிற்பார்கள். கறிக்கடைக்காரர் அவள் அம்மா சஃபியாவைக் கண்டால் விடமாட்டார். "மவளுக்குப் படிக்க வேணும்னா சொல்லுங்க, ஆட்டு மூளை ஒண்ணு தனியா எடுத்து வைக்கிறேன்" என்பார். கடையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவன் எவனும் அவள் படிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியது அவள் கைதான், அவள் பேனாதான்.

அவளைப் பெற்ற அத்தா குவைத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார், அங்கேயே அடக்கம். அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. தாயும் மகளும் அத்தாவின் அண்ணன், பெரியத்தா அஹமது கபீர் வீட்டின் பின்கட்டில்தான் இருந்தார்கள். கபீர் நெல் வியாபாரி, எழுபத்து மூன்று வயசு, ஒரு கைப்பிடி நெல்லை வாயில் போட்டுக் கடித்தே ஈரப்பதம் சொல்லிவிடுவார். ஒரே மகன் தௌபீக், ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. 

அந்த ஊர் வழக்கத்தை ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் என்றால் அவள் சார்பில் ஒரு ஆம்பளை உட்கார்ந்து, "இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு வலிகாரர் என்று பேர். தகப்பன் இருந்தால் தகப்பன். இல்லையென்றால் பாட்டன், பிறகு அண்ணன் தம்பி. யாருமே இல்லையென்றால் தகப்பனோடு பிறந்தவர், அவருக்கும் அடுத்து அவர் மகன். வரிசை மாறக்கூடாது. வலிகாரருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியமான நிபந்தனை.

ரிஃப்காவுக்கு வலிகாரர் கபீர். அவள் பெங்களூர் போன நாளிலிருந்து மூன்று மாப்பிள்ளை வந்தார்கள், மூன்று பேரையும் அவரே டீ கொடுத்து அனுப்பினார். "புள்ள படிச்சு முடிக்கட்டும். அதுக்கு முன்னாடி எவன் வந்தாலும் என் வாய் தொறக்காது" என்றார். அவர் வாய் திறக்காமல் நிக்காஹ் கிடையாது. அவ்வளவுதான் விஷயம். காலேஜ் ஹாஸ்டலில் கூடப் படிக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியும் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நடுங்கும்போது ரிஃப்கா மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள் என்றால், அது அந்த மனுஷனின் மூடிய வாயை நம்பித்தான்.

அவருக்கு அவள் படிப்பு புரிந்ததா என்று கேட்டால், ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் கேட்பார். லீவுக்கு வந்தால் முதல் கேள்வியே, "இந்தத் தடவை மூளையில எந்த எடம் வரைக்கும் போயிருக்கீங்க?" என்பதுதான், ஏதோ வாய்க்கால் தண்ணி எந்த மடை வரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரிப்பதுபோல. ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற பகுதி பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருக்கும் என்று ஒரு தடவை அவள் படம் காட்டினாள். "அட, நம்ம முத்துப்பேட்டை வலையில மாட்டுமே, அதுவா!" என்று அவர் அதிசயப்பட்டுப் போனார். அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் ஒரு ஆள் பாக்கி விடாமல், ஒவ்வொருத்தன் மண்டைக்குள்ளும் ஆளுக்கு ரெண்டு கடல்குதிரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். "எங்க ரிஃப்கா படிச்சுச் சொன்னது, தப்பா இருக்காது" என்பது அவர் முத்திரை.

தப்பா இருக்காது. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருஷம். அஞ்சாவது செமஸ்டர் முடிந்து டிசம்பர் லீவு. இன்னும் ஒரே செமஸ்டர், ஒரு ஆய்வறிக்கை, மே மாதம் பரீட்சை, முடிந்தது கதை. ஆய்வுக்கு ரிஃப்கா எடுத்த தலைப்பு அவள் சொந்த மண்ணிலிருந்து வந்தது: பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயசாளிகளுக்கு ஞாபகசக்தி சீக்கிரம் குறைகிறதா? அவள் ஊரில் அந்த ரக வயசாளிகளுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குப் பத்துப் பேர். "அருமையான தலைப்பு" என்று ஆய்வுக்கு வழிகாட்டுகிற மேடம் தட்டிக்கொடுத்தாள். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். "சொந்த ஊர்க்காரங்கன்னு இரக்கப்பட்டு எடுத்துக் குடுக்காதே. கேள்வித்தாளில் என்ன விதி இருக்கோ அதன்படி மார்க். விதியை விட்டேன்னா உன் டேட்டா குப்பை."

கேள்வித்தாள் முப்பது மார்க். வருஷம் என்ன, மாதம் என்ன, இது எந்த மாவட்டம், மூன்று வார்த்தையைச் சொல்லி அப்புறம் திருப்பிச் சொல்லச் சொல்வது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒரு படம் வரைவது. இருபத்து நாலுக்குக் கீழே போனால் மூளை தளர்கிறது என்று அர்த்தம். பக்கத்து ஊர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று அலைந்து முப்பத்தொன்பது பேரைக் கேட்டு முடித்தாள். நாற்பதாவது ஆளுக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருக்கிறாரே.

வியாழக்கிழமை, அந்தி மஃக்ரிபு தொழுகை முடிந்த நேரம். கஜா புயல் போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கபீர் புது வேட்டி கட்டி, தொப்பி போட்டு, நிக்காஹ் சபைக்கு உட்காருவது போல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "கேளும்மா. ஃபெயிலாக்கிடாதே" என்று சிரித்தார்.

"இது எந்த வருஷம் பெரியத்தா?"

"ஆயிரத்து நானூத்தி நாப்பது."

அது பிறைக் கணக்கில் வருகிற ஹிஜ்ரி வருஷம். ரிஃப்கா பேனாவோடு நின்றாள். விதிப்படி நடப்பு ஆங்கில வருஷம்தான் விடை, எடுத்துக் கொடுக்கக் கூடாது. "என்ன மாசம்?"

"முஹையத்தீன் ஆண்டவுக மாசம்." அதுவும் அதே பிறைக் கணக்கு.

"தேதி?"

"பிறை பதிமூணு. சன்னல் வழியா பாரேன், இன்னும் ஒரு நாள் போனா முழுசாயிடும்."

"கிழமை?"

"வெள்ளி."

வியாழன்தான். ஆனால் அந்த வீட்டில் மஃக்ரிபு பாங்கு சொல்லிவிட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும். வெள்ளி ராவு என்று ரிஃப்காவே யாசீன் ஓதி வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சைபர் போட்டாள்.

"இப்ப என்ன காலம் பெரியத்தா?"

"புயலடிச்சு தென்னை பூராவும் படுத்துக் கெடக்குற காலம். சம்பா கதிர் வாங்குற நேரம்." மழைக்காலம் அல்லது குளிர்காலம் என்று சொல்லியிருக்க வேண்டும். சைபர்.

"இது எந்த மாவட்டம்?"

"தஞ்சாவூர் ஜில்லா." ஜில்லாவைப் பிரித்துத் திருவாரூர் ஆக்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கபீர் அந்தப் பிரிவினையை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் மட்டுமா, அந்த வயசில் யாருமே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கும் சைபர்.

குடை, பஸ், மாம்பழம் என்று மூன்று வார்த்தை சொன்னாள், மூன்றையும் திருப்பிச் சொன்னார். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது என்று அவள் எழுதி முடிப்பதற்குள் அறுபத்தஞ்சுக்குப் போய்விட்டார். நெல் வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா அது! சரியாக அந்த நேரம் ராத்தொழுகைக்கு இஷா பாங்கு சொன்னது. "தொழுதுட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனவர், பள்ளிவாசலில் நாலு பேரோடு புயல் நிவாரணம் பேசிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"அந்த மூணு வார்த்தை என்ன பெரியத்தா?"

"எந்த மூணு?"

நடுவில் தடை வந்தால் முதலிலிருந்து கேட்க வேண்டும், அதுவும் விதிதான். ஆனால் மறுநாள் காலை அவளுக்கு பஸ், நாற்பதாவது தாளை முடித்தாக வேண்டும். விட்டுவிட்டாள். கண்டிப்பாக இருந்த இடத்தில் அவருக்கு மார்க் போனது, விட்டுக்கொடுத்த இடத்திலும் அவருக்குத்தான் மார்க் போனது. இரண்டும் ஒரே பக்கம் சாய்கிறதே என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். கபீர் சின்ன வயசில் தாயாரிடம் படித்தபடி, அரபு எழுத்தில் தமிழை எழுதினார். அந்தக் காலத்து வீடுகளில் அது சர்வசாதாரணம். ரிஃப்காவுக்கு ஓதத் தெரியும், இந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமலே சைபர் போட்டாள். படம் வரையும்போது கை நடுங்கி இரண்டு கட்டங்களும் ஒட்டாமல் போயின. கூட்டிப் பார்த்தாள். முப்பதுக்குப் பத்தொன்பது.

சந்தோஷப்பட்டாள்! அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். மகன் ஷார்ஜாவில், தகப்பனுக்குப் பத்தொன்பது, அவள் தலைப்புக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற தாள். வரைபடத்தில் அந்தப் புள்ளி எங்கே போய் உட்காரும் என்று கண்ணில் தெரிந்தது. மனசு எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண் பார்க்கும் என்று இரண்டாம் வருஷப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி ஒன்பது வாங்கியவள் அவள். எழுதியதோடு சரி.

பஸ்ஸில் போகும்போதுதான் கவலை வந்தது. கவலையா, பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. தாளைப் போட்டோ எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பி, கூடவே குரலும் அனுப்பினாள்: "தௌபீக்கண்ணே, பெரியத்தாவுக்கு டெஸ்ட் வச்சேன். முப்பதுக்குப் பத்தொன்பதுதான் வருது. இருபத்து நாலுக்குக் கீழே போனா மூளை தளருதுன்னு அர்த்தம். தஞ்சாவூர்ல நல்ல நரம்பு டாக்டரா பார்த்துக் காட்டணும்ணே." ரொம்பத் தெளிவான குரல், டாக்டர் மாதிரியே இருந்தது. தன் கையாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஜனவரி கடைசியில் தௌபீக் ஒரு மாச லீவில் வந்து இறங்கினான். தகப்பனை டாக்டரிடம் காட்ட அல்ல. பெட்டியில் ஒரு மாப்பிள்ளையின் போட்டோ இருந்தது. மாப்பிள்ளையும் ஷார்ஜாதான், அவனுடைய அண்ணன்தான் தௌபீக்குக்கு மேலதிகாரி. தௌபீக் அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான், பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு, நான் முடிச்சுத் தர்றேன் என்று.

கபீர் போட்டோவைப் பார்த்தார். "நல்ல புள்ளையாத்தான் தெரியுது. மே மாசம் பதினெட்டாந்தேதி இதுக்குக் கடைசிப் பரீட்சை. அதுக்கப்புறம் பேசுவோம்" என்றார். கவனிக்க வேண்டும்: மே மாசம், பதினெட்டாந்தேதி. இங்கிலீஷ் மாதம் தெரியாத ஆள் இல்லை. யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்கிற ஆள்.

"எனக்கு லீவே பிப்ரவரியோட முடியுது அத்தா."

"அப்ப நீ போயிட்டு வா. பொண்ணு எங்கயும் போயிடாது."

தௌபீக் நேராக ஜமாஅத் தலைவர் அப்துல் மஜீதின் வீட்டுக்குப் போய், அத்தாவுக்குப் புத்தி தெளிவில்லை, வரிசைப்படி இனி நான்தான் வலிகாரர் என்றான். பெங்களூருக்கும் போன் போட்டு, "அத்தாவுக்கு முடியல, உடனே கிளம்பி வா" என்று ரிஃப்காவை வரவழைத்தான். அவள் அலறிப் புடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் பெரியத்தா முற்றத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மஜீதும் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தும் வீட்டுக்கு வந்தார்கள். ஆம்பளைகள் கூடத்தில். கதவில் திரை, திரைக்கு இந்தப் பக்கம் சஃபியா, பெரியம்மா ஹலீமா, ரிஃப்கா. 

தௌபீக் போனை எடுத்து நீட்டினான். "நான் சொன்னா தகப்பனைப் பழிக்கிறான்னு சொல்வீங்க. மூளைக்குன்னே படிக்கிற எங்க வீட்டுப் பொண்ணு சோதிச்சு எழுதுனது. அது குரலையே கேளுங்க." கூடத்தில் ரிஃப்காவின் குரல் ஒலித்தது. மூளை தளருதுன்னு அர்த்தம், மூளை தளருதுன்னு அர்த்தம். இரண்டு தடவை போட்டுக் காட்டினான், பாவி.

கபீருக்கு அன்றுவரை மார்க் எத்தனை என்றே தெரியாது. "பத்தொம்பதா?" என்று மெல்லக் கேட்டார்.

ஹஜ்ரத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "வலிகாரருக்குப் புத்தி தெளிவு வேணும், சரிதான். ஆனா எனக்குப் பின்னால அஞ்சு வேளையும் நிக்கிறாரு, நான் ஒரு ரக்அத்து தப்பா தொழுதாலும் எடுத்துச் சொல்றவரு இவருதான்."

ரிஃப்காவால் அதற்கு மேல் முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே பேசினாள். "அந்தத் தாளு தப்பு ஹஜ்ரத். நான் தப்பா போட்டுட்டேன். வருஷம் கேட்டேன், ஆயிரத்து நானூத்தி நாப்பதுன்னாரு. தேதி கேட்டா பிறைய சரியா சொன்னாரு. வெள்ளி ராவுங்கறதால வெள்ளின்னாரு. எல்லாத்துக்கும் முட்டை போட்டேன். நடுவுல இஷாவுக்குப் போயிட்டு வந்தாரு, திரும்பக் கேட்கணும், நான் கேட்கல."

மஜீது சிரித்துவிட்டார். "பிறை சொன்னதுக்கு முட்டையா? அப்ப எங்க எல்லாருக்கும் முட்டைதான்!" ஹஜ்ரத்து போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதென்ன, வாக்கியம் எழுதுகங்கற எடத்துல அரபுத் தமிழ்ல எழுதியிருக்காரே. இதுக்குமா மார்க் இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சத்தமாகப் படித்தார். "'எங்க ரிஃப்கா படிச்சு முடிக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.'"

திரைக்குப் பின்னால் ரிஃப்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தாள். மஜீது தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

தௌபீக் ஷார்ஜாவில் வாடிக்கையாளரைச் சமாளித்துத் தேறியவன். கோபமே படாமல் கேட்டான். "சரி ரிஃப்கா. தாளு தப்பு. அப்ப படிப்பும் தப்புதானே? சொந்தப் பெரியத்தாவுக்குப் புத்தி இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கத் தெரியல. நம்ம பிறை தெரியல, நம்ம கிழமை தெரியல. மூணு வருஷமா என்னத்தப் படிச்சே? இந்தப் படிப்புக்காகவா எங்கத்தா ஊரு முச்சூடும் பகைச்சுக்கிட்டு மூணு மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பினாரு? கடல்குதிரை கடல்குதிரைன்னு பள்ளிவாசல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே, அதுவும் பொய்தானா?"

மஜீது மறுபடி உட்கார்ந்தார். "அது நியாயமான கேள்விதான். சொல்லும்மா. தாளு சரியா, தப்பா?"

சரி என்றால் பெரியத்தாவுக்குப் புத்தி இல்லை. தப்பு என்றால் அவளுக்குப் படிப்பு இல்லை. தாள் வேறு, படிப்பு வேறு, விதி வேறு, அதை வைத்துச் சோதிக்கிற ஆளின் யோக்கியதை வேறு என்று மூன்று வருஷம் படித்திருந்தாள். அதை இந்தக் கூடத்தில் எந்தத் தமிழில் சொல்வது? அவள் சொன்னாள்: "தப்புதான். நான் படிச்ச லட்சணம் அவ்வளவுதான். பெரியத்தாவுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் படிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்தாலும் பரவாயில்லை, பெரியத்தாவின் வாய் மூடியிருந்தால் படிப்பு மிஞ்சும், கணக்கு சரியாக வரும் என்றுதான் கொடுத்தாள். கணக்கில் அவள் சேர்க்காமல் விட்டது ஒரே ஆளை.

கபீர் எழுந்து நின்றார். "போதும் நிறுத்துங்க. புள்ளைய என்ன திருடியாட்டம் நிக்க வச்சுக் கேக்குறீங்க?" திரைப் பக்கம் கை காட்டினார். "தாளு சரி. மார்க்கும் சரி. எனக்கு மறதி வந்து ரொம்ப நாளாச்சு, நாந்தான் வெளிய சொல்லல. எனக்காகப் பாவம் பார்த்து அது தன் படிப்பையே பொய்ங்குது. ரிஃப்கா படிச்சு எழுதுனது தப்பா இருக்காது. அது படிப்பு பொய்யின்னு இந்த வீட்டுல, இந்த ஊருல, ஒருத்தன் பேசக் கூடாது. என் புத்திதான் போச்சு. எழுதிக்குங்க."

"பெரியத்தா, சொல்லாதீங்க! அப்படிச் சொல்லாதீங்க!" ரிஃப்கா திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. தகப்பன் சொல்வதைக் கேட்டு தௌபீக்கே தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

"உங்க வாயாலயே சொல்லிட்டீங்களே கபீரண்ணே" என்றார் மஜீது.

"சொல்லிட்டேன். இனிமே எம்மவன் பார்த்துக்குவான்." கபீர் மகன் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. பரீட்சை மே மாசம். அது எழுதி முடிச்ச பிறகுதான் நிக்காஹ். அது என்னோட நிபந்தனை."

மஜீது நல்ல மனுஷர். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "புத்தி சரியில்லன்னு ஒத்துக்கிட்ட பிறகு நிபந்தனை போட முடியுமாண்ணே?"

அப்போதுதான் கபீருக்கு விளங்கியது. வாயைத் திறந்தார். மூடினார். மூன்று வருஷம் அவர் மூடியிருந்த வாய்க்கு ஒரு மரியாதை இருந்தது, இப்போது அது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ரிஃப்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை, எத்தனை கடல்குதிரை செத்தாலும்.

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. ஹஜ்ரத்து சம்மதம் கேட்க வரும்போது மாட்டேன் என்று சொல்லிவிடுவதாக அவள் அம்மாவிடம் சொன்னாள். "சொல்லு. தாராளமா சொல்லு" என்றாள் சஃபியா. "சொல்லிட்டு எங்க போய் நிக்கிறதுன்னும் சொல்லிடு. வீடு இப்ப தௌபீக் சொல்றபடிதான். பெரியத்தா பேச்சு இனிமே வாசப்படி தாண்டாது. அதைச் செஞ்சது யாருன்னு நான் கேக்கல." கேட்கவில்லை என்று சொல்லியே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை போனில் நல்லவிதமாகப் பேசினான், மீதிப் படிப்பைத் தபாலில் முடித்துக்கொள்ளலாமே என்றான். மூளைக்கு வயர் மாட்டிப் பார்க்கிற படிப்பைத் தபாலில்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படிப்பை நிறுத்துகிறேன் என்று மேடத்துக்கு மெயில் போட்டாள். "உன் டேட்டா மிகச் சுத்தமாக இருக்கிறது, குறிப்பாக நாற்பதாவது தாள், உன்னை இழப்பது வருத்தம்" என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள்.

நிக்காஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது பத்திரிகைக் கட்டு வந்தது. ஹலீமா பெரியம்மா ஆள் ஆளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். கபீர் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். இப்போதெல்லாம் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மில்லுக்குப் போனால், "நீங்க எதுக்கு பாய் அலையுறீங்க, மகனை அனுப்புங்க" என்று நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். பாதி பேர் உரக்கப் பேசுகிறார்கள், காது போய்விட்ட மாதிரி.

"இங்க பாரும்மா" என்று பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: ஹிஜ்ரி 1440, ஜமாதுல் ஆகிர் பிறை 11. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ் தேதி.

"அச்சாபீஸ்காரன் பிறை பத்துன்னு போட்டிருந்தான். தௌபீக் பார்த்தான், மஜீது பார்த்தாரு, எவனுக்கும் தெரியல. நாந்தான் கண்டுபிடிச்சுத் திருத்தச் சொன்னேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார். "இதுக்கு ஒரு மார்க் போடலாமா? இருபது ஆகுமா?"

ரிஃப்கா பத்திரிகையை வாங்கினாள். மார்க் எல்லாமே உங்களுடையதுதான் பெரியத்தா, முப்பதும் உங்களுடையதுதான், என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவள் சொன்னால் அவர் நம்புவார். பத்தொன்பது என்று சொன்னபோதும் நம்பினார்.

"ஆகும் பெரியத்தா" என்றாள்.

"பாஸா?"

"இன்னும் நாலு வேணும்."

"அப்ப விடு" என்று அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு அஸர் தொழுகைக்குப் புறப்பட்டார்.